ராக் குழு இறக்கிய வள்ளம்

வெளிநாட்டில் ஒரு ராக் குழு உடைந்தால் பாடகர் தனியாக ஆல்பம் போடுவார். கிட்டார்காரர் திராட்சைத் தோட்டம் வாங்கி ஒயின் காய்ச்சுவார். டிரம்மர் சுயசரிதை எழுதி மற்ற மூவரையும் திட்டுவார். மிச்சமிருப்பவர் மன அமைதி தேடி இந்தியாவுக்கு வருவார். எங்கள் குழு உடைந்தபோது நாங்கள் நாலு பேரும் ஏற்கெனவே இந்தியாவில்தான் இருந்தோம். அதிலும் தூத்துக்குடியில் இருந்தோம். ஆகவே வேலைக்குப் போக வேண்டியதாயிற்று.

உடைந்ததற்குக் காரணம் கலைசார்ந்த கருத்து வேறுபாடு என்று எழுதத்தான் ஆசை. நடந்தது வேறு. டிரம்மருக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை கிடைத்தது. அவன் கிளம்பிய அதே மாதம் பாடகிக்கு பி.எட். சீட் கிடைத்தது. பேஸ் கிட்டார் வாசித்தவரை அவருடைய அப்பா பேக்கரி கல்லாவில் பிடித்து உட்கார வைத்தார். லீட் கிட்டாரிஸ்டான நான் மட்டும் மிஞ்சினேன். ஒரு மாதம் தனியாகவே குழுவை நடத்திப் பார்த்தேன். கருத்து வேறுபாடே வரவில்லை. கச்சேரியும் வரவில்லை.

இன்றைக்கு நாங்கள் என்னவாக இருக்கிறோம் என்று யாராவது விசாரித்தால் நன்றாக இருக்கும். யாரும் விசாரிப்பதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். பாடகி தலைமையாசிரியை. மைக் வேலை செய்யாத நாளில்கூட அவளுடைய காலை அசெம்பிளி பக்கத்துத் தெரு பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும் என்கிறார்கள். பேஸ்காரர் மக்ரூன் கடை முதலாளி. மூன்று வருடம் எங்களோடு மேடையில் நின்று அவர் வாசித்தது ஒருவர் காதிலும் விழுந்ததில்லை; பேஸ் கிட்டாரின் தலையெழுத்து அது. இப்போது அவர் கடையில் முந்திரியும் முட்டை வெள்ளையும் வேகும் வாசனைக்கு முன்னால் ஊரே கைகட்டி நிற்கிறது. எல்லாரும் அவரை அண்ணாச்சி என்கிறார்கள். எங்களைவிட ஒரு வயது இளையவர். நாங்களும் அண்ணாச்சி என்றே கூப்பிடப் பழகிவிட்டோம். ஓசியில் மக்ரூன் தின்பவன் உறவுமுறையில் கறாராக இருக்க முடியாது.

நான் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் டாக்குமென்ட் பார்க்கிறேன். எந்தக் கன்டெய்னரில் என்ன இருக்கிறது என்று எழுதுவது பகல் வேலை. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது பக்க வேலை. இரண்டையும் படித்தவர்கள், முதலாவதில்தான் கற்பனை அதிகம் என்கிறார்கள்.

டிரம்மர்தான் எங்களில் நீண்ட தூரம் போனவன். உலகத்தின் பாதித் துறைமுகங்களைப் பார்த்தவன். அதாவது அந்தத் துறைமுகங்களில் நின்ற கப்பல்களின் எஞ்சின் ரூம்களைப் பார்த்தவன். தலை நரைத்த பிறகு கப்பலை விட்டு இறங்கி, மனைவியின் ஊரான பெரியதாழையில் குடியேறினான். கரையிலேயே கொட்டகை போட்டு, ஆட்களை வைத்து, மீன்பிடிக்கப் பெரிய மரவள்ளம் ஒன்று கட்ட ஆரம்பித்தான். போன வருடக் கோடையில் எனக்குப் போன் வந்தது.

"ஏலே, வள்ளம் முடிஞ்சிட்டு. சனிக்கெழம காலையில இறக்குதோம். மூணு பேரும் வந்துரணும்."

"நாங்க வந்து என்னலே செய்ய?"

"ஒண்ணுஞ் செய்யாண்டாம். சும்மா நில்லுங்க. மேடையில அதானே செஞ்சீய?"

சனிக்கிழமை பேஸ்காரரின் வேனில் கிளம்பினோம். வேன் முழுக்க மக்ரூன் பெட்டிகள். வள்ளம் இறக்க வருகிறவர்களுக்குக் கொடுக்க. திருச்செந்தூர் தாண்டும் வரை நான் ஒரு பெட்டியைக் காலி செய்வதில் மும்முரமாக இருந்தேன். முன் சீட்டில் பாடகி ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். அவள் கடற்கரைக் குடும்பத்துப் பெண். அவள் எதற்காவது ஜெபமாலை உருட்டினால் அது சும்மா இருக்காது.

"என்ன ஏளா, வள்ளம் இறக்கதுக்கு இவ்வளவு ஜெபமா?" என்றேன்.

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பங்குச் சாமியார் புது வள்ளத்தை மந்திரித்து, முட்டுக் கொடுத்த கட்டைகளை எடுத்துவிட்டால், அன்றைக்கே அது தண்ணீரைத் தொட்டாக வேண்டும்.

"தொடலன்னா?"

"தொடலன்னா ஆளு ஏற மாட்டாவ. வள்ளத்துக்கே மனசில்லன்னு சொல்லிட்டு வேற வள்ளத்துக்குப் போயிருவாவ. அப்புறம் ஒருத்தரும் அதுல கால் வைக்க மாட்டாவ. இவனுக்குன்னு அஞ்சு பேருதான் சம்மதிச்சிருக்காவ. அதுவும் அரை மனசா. கப்பக்காரனுக்கு என்ன மீன்பாடு தெரியும்னு ஊருல ஒரே பேச்சு. அவன் பொண்டாட்டி நேத்து ஃபோன்ல அழுதா."

நான் மக்ரூன் பெட்டியை மூடி வைத்தேன். அந்த வள்ளத்தில்தான் அவனுடைய கப்பல் வாழ்க்கை மொத்தமும் பலகையாகவும் ஆணியாகவும் அடித்து வைக்கப்பட்டிருந்தது. ஏறுவதற்கு ஆள் இல்லாத வள்ளம் கடற்கரையில் நிற்கும் நீளமான பெஞ்சு, அவ்வளவுதான்.

பெரியதாழைக் கரையில் வள்ளம் நீலமும் மஞ்சளுமாக நின்றது. பூமாலை, முகப்பில் ஒரு குருசு, சுற்றிலும் பாதி ஊர். டிரம்மர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். வாழ்க்கையில் அவனை முதல் தடவையாகச் சுத்தமாகப் பார்த்தேன். அவனுக்குப் பக்கத்தில் அந்த ஐந்து பேர். அதில் மூத்தவர், சுக்கான் பிடிக்க ஒப்புக்கொண்டவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெண் பார்க்க வந்துவிட்டு வீட்டு ஓட்டில் குறை தேடும் தாய்மாமன் மாதிரி இருந்தது.

சாமியார் ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்தார். முட்டுக்கட்டைகளை எடுத்தார்கள். வள்ளத்தின் முகப்பிலிருந்து போன வடத்தை டிராக்டரில் கட்டினார்கள். டிராக்டர் உறுமியது, மணலில் பின் சக்கரம் பாதி புதைந்தது, மறுபடி உறுமியது. பிறகு ரப்பர் கருகிய நாற்றம். டிரைவர் இறங்கி வந்தார்.

"கிளட்ச் போச்சி அண்ணாச்சி," என்றார், தப்பான ஆளான பேஸ்காரரிடம். தொப்பையைப் பார்த்து அவர்தான் முதலாளி என்று நினைத்துவிட்டார்.

வேறு டிராக்டர் ஊரில் இல்லை. வெளியூரிலிருந்து வருவதற்குள் காற்று ஏறி அலை பெரிதாகிவிடும் என்றார்கள். கட்டைகளை எடுத்தாயிற்று. வள்ளம் தண்ணீரைத் தொட்டாக வேண்டும். நின்றவர்கள் எல்லாரும் வடத்தைப் பிடித்தார்கள். வள்ளத்தின் அடியில் உருளப் பனங்கட்டைகள் போட்டார்கள். எல்லாரும் இழுத்தார்கள், ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்கவில்லை. ஒருவர் "இழு" என்றார், ஒருவர் "ஆங்" என்றார், இன்னொருவர் ஒன்று இரண்டு மூன்று எண்ணினார், வேறொருவர் மூன்று வரும்வரை காத்திருக்கவில்லை. வள்ளம் ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

முன்பெல்லாம் இதற்கு அம்பா பாடுவார்கள். ஒருவர் ஒரு வரி பாட, வடம் பிடித்தவர்கள் பதில் பாடி, பதிலின் முடிவில் மொத்தமாக இழுப்பார்கள். டிராக்டருக்கு யாரும் பாட வேண்டியதில்லை என்பதால் அதை எல்லாரும் நிம்மதியாக மறந்திருந்தார்கள். ஒருவன் செல்போனில் சினிமாக் குத்துப்பாட்டுப் போட்டான். சிலர் ஆடினார்கள். வள்ளம் ஆடவில்லை.

சுக்கான் பிடிக்க வந்தவர் டிரம்மரிடம் சொன்னார்: "கப்பல்ல பட்டனத் தட்டுனா போயிரும் போல மாப்ளே. இங்கன அப்பிடி இல்ல."

டிரம்மருக்கு முகம் சுண்டிவிட்டது. அவன் திரும்பிப் பாடகியைப் பார்த்தான்.

"ஏளா, ஒரு அம்பா எடுத்து விடு."

"எனக்கு அம்பா தெரியாதுலே. எனக்குத் தெரிஞ்சது பூசைப் பாட்டு, பிரேயர் பாட்டு, நம்ம பாட்டு. மூணுதான்."

"பூசைப் பாட்டுல இழுத்தா சாமியாரு கோவிப்பாரு."

"பிரேயர் பாட்டுன்னா எல்லாரும் அட்டென்ஷன்ல நின்னுருவாவ. பாதிப் பேரு எங்கிட்டப் படிச்சவனுவ."

உண்மைதான். அவள் முதலில் வேலைக்குச் சேர்ந்தது அந்தப் பக்கத்துப் பள்ளியில். அவளைப் பார்த்ததுமே மீசை வைத்த நாலைந்து பேர் பீடியை மறைத்ததை நானே பார்த்தேன்.

"அப்ப நம்ம பாட்டையே பாடு," என்றான் டிரம்மர். அவன் குரலில் வேறு வழியில்லாதவனின் துணிச்சல் இருந்தது.

நம்ம பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுதி மெட்டுப் போட்டவன் நான். "கரையே விடு, கடலே எடு" என்று தொடங்கும். வள்ளம் இறக்க இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது என்று தோன்றும். சங்கடம் வரியில் இல்லை, தாளத்தில். ஊரில் எல்லாப் பாட்டும் நாலிலும் எட்டிலும் போய்க்கொண்டிருந்தபோது, உலகத் தரத்துக்கு உயர வேண்டும் என்று நான் அதை ஏழு தட்டில் அமைத்திருந்தேன். ஏழு தட்டு லண்டனில் கண்டுபிடித்தது என்பது என் நம்பிக்கை. மிஸ்ர சாப்பு என்ற பெயரில் அது நம்மூர்க் கோயில் வாசலிலேயே காலங்காலமாக உட்கார்ந்திருப்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. டிரம்மர் மட்டும் அந்தக் காலத்திலேயே தினமும் சண்டை போடுவான். "எட்டாவது தட்டு எங்கலே? யாருக்குக் குடுத்த?" என்பான். ராக் இசை தெரியாதவன் என்று நானும் பாடகியும் அவனை அலட்சியப்படுத்துவோம். அந்தப் பாட்டுக்கு எந்தக் கல்லூரியிலும் ஒருவரும் ஆடியதில்லை. ஆட முயன்ற ஒருவர் முன்வரிசை நாற்காலியில் விழுந்தார்.

பாடகி வள்ளத்தின் முகப்பருகே போய் நின்று, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். அம்பா எடுத்துவிடுவது ஆண்கள் வேலை. ஆனால் தலைமையாசிரியையிடம் போய் அதைச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. "எல்லாரும் வடத்தப் பிடி. நான் வரி முடிக்கும்போது இழுக்கணும்," என்றாள். பிடித்தார்கள். பாடினாள்.

அந்தக் குரல் கொஞ்சமும் தேயவில்லை. அலைச் சத்தத்தின் மேல் ஏறி நின்றது. ஆனால் வரி முடிந்தபோது பாதிப் பேர் ஏழில் இழுத்தார்கள். மீதிப் பேர் உடம்பு கேட்டபடி எட்டில் இழுத்தார்கள். இரண்டாவது வரியில் முதல் பாதி மூச்சு வாங்கியபோது இரண்டாவது பாதி இழுத்தது. மூன்றாவது வரியில் வள்ளம் நகர்ந்தேவிட்டது, ஆனால் குறுக்கே. பனங்கட்டையிலிருந்து வழுக்கி, தெற்குப் பக்கம் திரும்பி, மணலில் சாய்ந்து நின்றது. அதற்குள் வடத்தில் ஒருவர்மேல் ஒருவராக ஏழெட்டுப் பேர் விழுந்திருந்தார்கள்.

மணலில் கிடந்த பழைய மாணவன் ஒருவன் தலையைத் தூக்கினான். "மிஸ்ஸு, மூச்சு விடவே எடமில்லியே மிஸ்ஸு!"

சுக்கான்காரர் வடத்தைக் கீழே போட்டார். கையில் ஒட்டிய மணலைத் தட்டினார். மற்ற நாலு பேரும் தட்டினார்கள். டிரம்மரின் மனைவி குருசைப் பார்த்துக் கைகூப்பியவள் அப்படியே நின்றாள். அந்தக் கரையில் மணலைத் தட்டினால் என்ன பொருள் என்று எனக்குக்கூடப் புரிந்தது.

டிரம்மர் தச்சர்கள் விட்டுப்போன சாமான் குவியலுக்கு நடந்தான். கொட்டாப்புளியை எடுத்தான், உளியை அடிக்கிற அந்தக் கனமான மரச்சுத்தியலைக் கையில் எடைபோட்டுப் பார்த்தான். என்னைத்தான் அடிக்கப்போகிறான் என்று நினைத்து ஓரடி பின்னால் வைத்தேன். அவன் நேரே வள்ளத்தின் பக்கவாட்டுக்குப் போனான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றான்.

"எத்தன வருசம்லே இதையே சொல்லுவ?" என்றாள் பாடகி.

"இன்னைக்கு வரைக்கும். நீ ஏழுலயே பாடு ஏளா. ஒண்ணும் மாத்தாண்டாம். எட்டாவது என்னோடது." பிறகு வடத்துப் பக்கம் திரும்பிக் கத்தினான். "நான் அடிக்கும்போது மட்டும் இழுங்க! பாட்டு ஓடும்போது மூச்சு விடுங்க!"

"நான் என்னலே செய்ய?" என்றேன்.

"நீ கட்ட போடு."

லீட் கிட்டாரிஸ்ட் என்ற பதவிக்கு நான் கண்ட கடைசி உயரம் அது. பின்னால் விடுபடும் பனங்கட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிப் போட வேண்டும். முதலில் வள்ளத்தை நேராக்க வேண்டியிருந்தது. பேஸ்காரர் சட்டையைக் கழற்றி மக்ரூன் பெட்டிமேல் மடித்து வைத்துவிட்டு, வள்ளத்தின் வயிற்றில் முதுகைக் கொடுத்தார். கூடப் பத்துப் பேர் கொடுத்தார்கள். வள்ளம் முனகிக்கொண்டே நிமிர்ந்து கட்டையில் ஏறியது.

பாடகி தொடங்கினாள். ஏழு தட்டு ஓடி முடிந்தது. எட்டாவதில் கொட்டாப்புளி வள்ளத்தின் விலாவில் இறங்கியது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? நாங்கள் வாடகைக்கு எடுத்த எந்த டிரம்மும் அப்படிப் பேசியதில்லை. பலகையின் அடியிலிருந்து, மணலுக்குள்ளிருந்து வந்தது. கேட்டவன் உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது. வடம் ஒரே கோடாக விறைத்தது. வள்ளம் ஒரு சாண் நகர்ந்தது, கடலைப் பார்த்து.

இரண்டாவது வரி. அடி. ஒரு முழம்.

மூன்றாவது வரிக்கு எங்கிருந்தோ அடித்தொண்டையில் ஒரு "ஓ" வந்து சேர்ந்தது. பேஸ்காரர். முதுகை வள்ளத்தில் கொடுத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக்கு அடியில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வடம் பிடித்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "ஓ" என்று நீட்டி, அடி விழும்போது வெட்டி, இழுத்தார்கள். பெண்கள் வந்து வடத்தின் வாலில் சேர்ந்தார்கள். "கரையே விடு" என்று பாடகி பாட, "கடலே எடு" என்று ஊர் திருப்பிப் பாடியது. சாமியார் அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இழுத்தார். எங்கள் பாட்டுக்கு ஓர் ஊரே ஒரே நேரத்தில் அசைந்தது. நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு மூச்சு இரைத்தது. சிரிப்பும் வந்தது. கட்டை காலில் விழுந்தது. அதற்கும் சிரித்தேன்.

ஈர மணல் வந்தது. வடம் பிடித்தவர்கள் தண்ணீருக்குள் இறங்கி நின்று இழுத்தார்கள். வள்ளத்தின் மூக்கை ஓர் அலை வந்து நக்கிவிட்டுப் போனது. கரை முழுக்கக் கூச்சல். தண்ணீர் தொட்டாயிற்று. ஆனால் பாதி வள்ளம் மிதக்கும் அந்த நேரம்தான் ஆபத்து என்று எனக்குத் தெரியாது. சுக்கானில் ஆள் இல்லாவிட்டால் அடுத்த பெரிய அலை வள்ளத்தைக் குறுக்கே திருப்பிக் கரையில் போட்டுவிடும். டிரம்மர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அடித்துக்கொண்டிருந்தான். அடியை விட்டுவிட்டு ஏறினால் இழுப்பு நின்றுவிடும். ஏறாவிட்டால் வள்ளம் திரும்பிவிடும். அவன் அடித்தபடியே கரையில் ஒதுங்கி நின்ற அந்த ஐந்து பேரைப் பார்த்தான். வாயைத் திறந்து யாரையும் கூப்பிடவில்லை.

சுக்கான்காரர் கைலியை மடித்துக் கட்டினார். "நிறுத்தாத மாப்ளே! அடி!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து, அலைக்குள் பாய்ந்து, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து, ஒரே எம்பில் உள்ளே போனார். அந்த வயதில் நான் கட்டிலில்கூட அப்படி ஏறமாட்டேன். அவருக்குப் பின்னால் மற்ற நாலு பேரும் ஓடினார்கள். பாடகி முழங்கால் தண்ணீரில் நின்று அடுத்த வரியை எடுத்தாள். ஏழு முடிந்தது. அடி விழுந்தது. ஊர் மொத்தமும் கடைசியாக ஒரு முறை இழுத்தது, தள்ளியது. வள்ளம் மணலை விட்டது. அலைமேல் மூக்கைத் தூக்கி ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

டிரம்மர் கையில் கொட்டாப்புளியோடு அப்படியே நின்றான். "ஏலே, ஏறுலே! ஒன் வள்ளம்லே!" என்று பாடகி முதுகில் ஓர் அடி வைத்த பிறகுதான் நீந்திப் போய் ஏறினான். எஞ்சின் இரண்டாவது முயற்சியில் பிடித்தது. அது அவனுடைய சொந்த இலாகா. வள்ளம் கடலுக்குள் ஒரு பெரிய வட்டம் போட்டது. கரையில் அவன் மனைவி லேஞ்சியை எடுத்து வீசினாள். கண்ணைத் துடைக்க எடுத்த கைக்குட்டை அது, வீசவும் உதவியது. பேஸ்காரர் சட்டையில்லாமல் மக்ரூன் பெட்டிகளைப் பிரித்துப் பங்கு வைத்தார். டிராக்டர் டிரைவருக்கு இரண்டு பங்கு கொடுத்தார்.

திரும்பி வந்து நங்கூரம் போட்டு, ஆறு பேரும் நனைந்து கரையேறினார்கள். வேட்டி, சட்டை, தலைமுடி எங்கும் உப்பும் பெயின்டுமாக டிரம்மர் பழையபடி அழுக்காக இருந்தான். சுக்கான்காரர் ஒரு மக்ரூனை வாயில் போட்டு நிதானமாக மென்றார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வள்ளம் நேரா போவுது," என்றார் கடைசியில். "திங்கக்கெழம எத்தன மணிக்கு எறங்கணும்?"

டிரம்மர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டான். "நீங்க சொல்லுங்க மாமா," என்றான்.

"நாலு மணிக்கு வாரோம். அஞ்சு பேரும் வாரோம்." எங்கள் மூவரையும் ஒரு முறை மேலும் கீழுமாகப் பார்த்தார். "இந்தச் செட்ட மட்டும் கூட்டியாந்துராதிய. மீனு பூரா இலங்கைக்குப் போயிரும்."